பச்சைப் பென்சில்

"நானூத்திப் பன்னிரண்டு ஓட்டும் நமக்குத்தான்னு பச்சைக் கோடு போட்டுக் குடுத்தீங்களே அண்ணே, விழுந்தது எத்தனை தெரியுமா? முப்பத்தொண்ணு!"

வட்டச் செயலாளர் வாக்காளர் பட்டியலை மேஜையில் வீசினார்.

கட்சி அலுவலகத்தில் அவர் எதிரே நின்றவருக்குக் கட்சியில் பெயரே பென்சில் அண்ணன்தான். முப்பது வருடமாக வீடு வீடாகப் போய், நமக்குப் போடுபவருக்குப் பச்சையும் மற்றவருக்குச் சிவப்பும் கோடு போடுபவர். அவர் கணக்கில் ஒன்றிரண்டு பிசகினாலே அதிசயம்.

இந்த முறை ஒரேயடியாகச் சறுக்கிவிட்டார். அதுவும் புதுக் குடியிருப்பில்.

ஆலை வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் அங்கே இருந்தார்கள். ஐந்தே வருடத்தில் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டார்கள். கட்சியின் கோஷமோ, 'ஊர் ஊர்க்காரனுக்கே!' பழைய தெருக்களில் அதற்குத்தான் விசில் பறக்கும்.

"கோஷத்தை விட்டா பழைய தெரு போயிடும், விடலைன்னா புதுசு போயிடும்னு தவிச்சிட்டிருந்தேன். கவலைப்படாதீங்க, எல்லாம் பச்சைன்னீங்க. நம்பினேன்!"

பென்சில் அண்ணன் மேஜையில் கிடந்த பட்டியலை எடுத்து அடுக்கி வைத்தார்.

"பக்கத்து வட்டத்துல நம்ம கட்சிக்காரங்களைப் பாருங்க. சிவப்புப் பேரையெல்லாம் 'இங்க குடியில்லை'ன்னு மனு போட்டே பட்டியல்லேர்ந்து தூக்கிட்டாங்க. ஓட்டுப் போட வந்தவன் பேரைத் தேடித் தேடித் திரும்பிப் போனான். அவங்க ஜெயிச்சாங்க. நாம இருநூத்தி எட்டு ஓட்டுல மண்ணைக் கவ்வியிருக்கோம்!"

"வயசாச்சு தம்பி. கணக்கு தப்பிடுச்சு."

"அந்தப் பக்கம் ஏதாவது வாங்கியிருப்பாரு," என்றது மூலையிலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.

"இனிமே நீங்க வர வேணாம் அண்ணே. வீட்டுல இருங்க."

பென்சில் அண்ணன் தலையாட்டினார். சட்டையிலிருந்த கட்சி பேட்ஜைக் கழற்றிச் செயலாளர் முன்னால் வைத்தார்.

கணினியில் பட்டியல் ஏற்றும் பெண்ணுக்கும் கோபம்தான். அந்தப் பச்சையை நம்பி நானூற்றுப் பன்னிரண்டு பெயரையும் வரிவரியாக ஏற்றியவள் அவள்.

அவளிடம் வந்து டிராயர் சாவியை நீட்டினார்.

"உள்ள பென்சில் பெட்டி இருக்கும்மா. அடுத்து வர்றவங்களுக்குக் குடுத்துடு."

மெதுவாகப் படியிறங்கிப் போனார்.

அவள் டிராயரைத் திறந்தாள். பெட்டிக்கு அடியில் நாலாக மடித்த ஒரு பட்டியல். அதே புதுக் குடியிருப்புதான். வீடு வீடாகப் போகும்போது கையில் வைத்திருந்த பிரதி போல; ஓரமெல்லாம் நைந்திருந்தது. மேலே தேதி. பெயர் நீக்க மனு போடுவதற்குக் கடைசி நாளைக்கு மூன்று நாள் முன்பு.

பக்கம் பக்கமாகச் சிவப்பு. நடுநடுவே, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை.

"என்னம்மா அது?" என்றார் செயலாளர்.

"ஒண்ணுமில்ல சார், பழைய பேப்பர்."

பச்சைகளை எண்ணினாள். நம்ப முடியாமல் விரல் வைத்து மறுபடி எண்ணினாள்.

சரியாக முப்பத்தொன்று.