நான்கு மடங்கு வேகம்

வீடியோ கடையின் ஷட்டரில் மூன்றாவது அடி விழுந்தபோது அவள் கம்ப்யூட்டர் முன்னால் மண்டியிட்டிருந்தாள்.

எந்த சிடி ரைட்டர்?

இரண்டு இருந்தன.

மேலே இருப்பது புதியது. ஐம்பத்திரண்டு மடங்கு வேகம். ஒரு நிமிடத்தில் சிடியைத் துப்பிவிடும். ஐந்தில் ஒன்றைக் கெடுத்தும் வைக்கும்.

கீழே இருப்பது பழையது. நான்கு மடங்குதான். முகப்பு மஞ்சளித்துப்போனது. நான்கு வருடத்தில் ஒரு சிடியைக்கூட வீணாக்கியதில்லை. அதைக் கழற்றிப் போடச் சொன்ன ஒவ்வொரு முறையும் கடை முதலாளியோடு அவள் சண்டை போட்டிருக்கிறாள்.

ஐந்து நிமிடம் எடுக்கும்.

கடப்பாரை இறங்கியது. ஷட்டரின் நடுவில் ஒரு புடைப்பு உள்நோக்கி வந்தது.

"ஏட்டி, தொற. நாங்களா வந்தம்னா வேற மாதிரி இருக்கும்."

மாசானம். மில் முதலாளியின் அடியாள்.

அவள் கீழ் ரைட்டரின் தட்டைத் திறந்து வெற்று சிடி ஒன்றை வைத்தாள்.

காலையில் ஒரு கல்யாண வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அழைப்பு. காருக்குப் பின்னால், மில் வாசலில், நான்கு பேர் ஒருவனைக் கீழே போட்டு மிதித்தார்கள். நாற்பது விநாடி.

கல்யாண வீட்டில் கேட்காமல் எதையும் வெட்டக் கூடாது. தொழில் வழக்கம்.

கேட்டாள்.

"பின்னால ஒரு அடிதடி தெரியுதுக்கா. வெட்டிரட்டா?"

போனை வைத்த பிறகுதான் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினாள்.

கீழே கிடந்தது இசக்கிராஜ். மில் யூனியன்காரர். அந்தக் கல்யாணத்தன்று சாயங்காலம் பஸ் மோதிச் செத்ததாகப் போலீஸ் எழுதியிருந்தது.

நெஞ்சில் ஏறி நின்ற கால் மாசானத்தின் கால்.

மதியம் கேமராமேன் போன் செய்தான். கல்யாண வீட்டிலிருந்து பேச்சு மில்லுக்குப் போய்விட்டது. கேசட்டை அவன் கண் முன்னாலேயே எரித்துவிட்டார்கள். அழுதான். அடுத்து கடைக்குத்தான் வருகிறார்கள் என்றான். ஷட்டரை இழுத்து உள்ளே பூட்டிக்கொண்டு மறுபடி போனை எடுத்தாள். வயரை அறுத்திருந்தார்கள்.

இப்போது அந்த நாற்பது விநாடி இந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது.

நாளை இசக்கிராஜுக்குப் பதினாறாம் நாள் காரியம். வீட்டில் போட ஓதுவார் பாட்டு நாலு வேண்டும் என்று அவர் மனைவி சீட்டு எழுதிக் கொடுத்திருந்தாள்.

முதலில் பாட்டு. அதை முடித்துவிட்டு, அதே சிடியில், பின்னால் வீடியோ.

ப்ளேயர் பாட்டோடு நின்றுவிடும். கம்ப்யூட்டருக்குத்தான் மிச்சமும் தெரியும்.

இப்படி இரண்டு தடவை எழுதும்போதுதான் புது ரைட்டர் சொதப்பும்.

பட்டனை அழுத்தினாள்.

இருபது சதவீதம்.

ஷட்டரின் கீழ் ஓரம் கிழிந்தது. ஒரு கை உள்ளே வந்து பூட்டைத் துழாவியது. கேமரா ஸ்டாண்டை எடுத்து அந்தக் கையில் அடித்தாள். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. கை போனது. வெளியே ஒருவன் ஊளையிட்டான்.

நாற்பது.

அடிகள் வேகமாயின. மேசை அதிர்ந்தது. அதிர்ந்தால் சிடி போய்விடும். கம்ப்யூட்டர் பெட்டியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். உள்ளே ரைட்டர் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

எழுபது.

ஒரு கண்ணாடி உடைந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நூறு.

சிடி சூடாக இருந்தது. உறையில் போட்டாள். மேலே அந்தப் பாட்டுச் சீட்டைக் குத்தினாள்.

ஷட்டர் பெயர்ந்து விழுந்தது.

மாசானம் விட்ட முதல் அறையிலேயே வாய்க்குள் ஒரு பல் கழன்றது.

"எங்கட்டி வச்சிருக்க?"

"அழிச்சிட்டேன்."

கம்ப்யூட்டரைத் தூக்கித் தரையில் போட்டார்கள். கடப்பாரையால் குத்தினார்கள். ஒருவன் உள்ளே கையை விட்டு ஹார்டு டிஸ்க்கைப் பிய்த்தெடுத்து வாசல் கல்லில் வைத்து நசுக்கினான். அலமாரியிலிருந்த சிடிகள் எல்லாம் காலடியில் நொறுங்கின.

மாசானம் அவசரப்படவில்லை. அவள் வலது கையை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்தான். இழுப்பறையை முழங்காலால் மூடினான்.

இரண்டு முறை.

"இனிமே கல்யாண வீடியோ மட்டும் பாரு. கல்யாணத்தை மட்டும் பாரு."

அப்புறம்தான் மேசையில் அந்த உறையைப் பார்த்தான்.

"இது என்னது?"

"பாட்டு."

அவனே ப்ளேயரில் போட்டான். ஓதுவார் பாடினார். ஒரு பாட்டு. அடுத்த பாட்டு. தள்ளித் தள்ளி நாலையும் கேட்டான். நாலாவது முடிந்ததும் ப்ளேயர் நின்றது.

"யாருக்கு?"

"இசக்கிராஜ் அண்ணாச்சி வீட்டுக்கு. நாளைக்குக் காரியம்."

உடைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

மாசானம் உறை மேலிருந்த சீட்டைப் படித்தான்.

"நாளைக்கு மொதலாளி கூட நானும் அங்க போவணும். நானே குடுத்துக்கிடுதேன்."

"மாலையோட பாட்டும் கொண்டு போறியளா அண்ணாச்சி," என்றான் பின்னால் ஒருவன். சிரித்தார்கள்.

மாசானமும் சிரித்தான். சிடியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். அதன் பளபளப்பில் அவன் முகம் தெரிந்தது. சட்டையில் துடைத்தான். உறையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தான்.

அவள் வாயிலிருந்த ரத்தத்தை விழுங்கினாள்.

"அண்ணாச்சி."

அவன் நின்றான்.

"ப்ளேயர்ல திக்கிச்சுன்னா, அவுக மச்சினன்ட்ட கம்ப்யூட்டர் இருக்கு. அதுல போட்டுப் பாக்கச் சொல்லுங்க."

மாசானம் அவளைத் திரும்பிப் பார்த்தான். கையைப் பார்த்தான். ஏதோ பாவம் தோன்றியது போலிருந்தது.

"சொல்லுதேன்," என்றான்.