ஒரு ஆளுக்கு ஒரு நாய்

“நல்லையா, ரெண்டு நாயையும் ஒண்டாப் பிடிச்சுக்கொண்டு போறதை இண்டையோட விட்டுப்போடு.”

கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர் யோகராசா இதைச் சொன்னபோது கூட்டத்தில் முப்பது பேர் இருந்தார்கள். நல்லையா மட்டும் நின்றார். கதிரை இல்லாமல் இல்லை. அதில் இருந்தால் திரும்ப எழும்ப முழங்கால் விடாது.

கனடாவுக்குப் போன டாக்குத்தரின் வீட்டைப் பார்த்துக்கொள்வது அவர்தான். வீட்டோடு சேர்த்து இரண்டு நாய்கள், றெக்ஸும் ரைகரும். ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி அளவு. பின்னேரம் இரண்டையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு குளக்கட்டு றோட்டால் வெள்ளாங்குளம் பஸ் நிற்கிற சந்திவரை போவார். பஸ் வந்துபோன பிறகு திரும்புவார். ஒன்று வயல் பக்கம் இழுக்கும், மற்றது குளத்துப் பக்கம் இழுக்கும். நடுவில் அறுபத்தாறு வயது நல்லையா.

“அது வகுப்பு முடிஞ்சு பொம்பிளைப் பிள்ளையள் பஸ்ஸால இறங்கி வாற நேரம்,” என்றார் யோகராசா. “அதுகளின்ர பாதுகாப்பை நாங்கள்தானே பாக்கோணும்?”

பின்னுக்கு இருந்த தாய்மார் தலையாட்டினார்கள்.

யோகராசாவின் மகன் துஷாந்தன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். “எங்களுக்கும் பின்னேரத்தில குளக்கட்டு மதகில இருந்து கதைக்கேலாமக் கிடக்கு. கிட்ட வரேக்க உறுமுதுகள். பிள்ளையள் பாவம், பயந்து பயந்து பின்னால வருதுகள்.”

“நேரத்தை மாத்து. காலமை கொண்டு போ,” என்றார் தலைவர்.

“காலமை ஏலாது ஐயா.”

“அப்ப வேற றோட்டால போ.”

“அதுவும் ஏலாது ஐயா.”

“டாக்குத்தற்ற நாயைப் பிடிச்சவுடன ஆளுக்குத் தானும் டாக்குத்தர் எண்ட நினைப்பு,” என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

இராசம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. பக்கத்து வளவுக்காரி. “நல்லையா அண்ணை, கடிக்காது எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இந்தக் கதையை இதோட விடுவினம்.”

நல்லையா கொஞ்சம் யோசித்தார். கதவடியில் நின்ற துஷாந்தனை ஒருக்காப் பார்த்தார்.

“வாயில்லாச் சீவன் பிள்ளை. அதுகளுக்காக நான் என்னெண்டு உத்தரவாதம் சொல்லுறது?”

இராசம்மா சலித்துப்போய் இருந்துவிட்டாள்.

தீர்மானம் எழுதினார்கள். ஒரு ஆள் ஒரு நேரத்தில் ஒரு நாயைத்தான் றோட்டால் கொண்டுபோகலாம். எல்லாரும் கை உயர்த்தினார்கள். இராசம்மாவின் மகள், உயர்தரம் படிக்கிற ரஜிதா, தாய்க்குப் பக்கத்தில் குனிந்த தலை நிமிராமல் இருந்தாள்.

அடுத்த நாள் நல்லையா மூன்று மணிக்கே தொடங்கினார்.

றெக்ஸைச் சந்திவரை நடத்திக் கொண்டுபோய்ப் பாலை மரத்தில் கட்டினார். வீட்டுக்குத் திரும்பி நடந்தார். ரைகரைப் பிடித்துக்கொண்டு மறுபடி சந்திக்கு வந்தார். ஒரு தரம் போக ஒரு மைல். மூன்றாவது மைல் முடிய, மரத்தடியில் கிடந்த கல்லில் இருந்துவிட்டார். எழும்புவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று.

பஸ் வந்தது. நாலு பெட்டையள் இறங்கினார்கள். ரஜிதா முதல் ஆளாக ஓடி வந்து அவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

“ஏன் மாமா இந்தப் பாடு? ஒரு நாய் போதாதோ?”

“ஒண்டோட வந்த அண்டைக்குக் கல்லால எறிஞ்சு பாத்தவங்களெல்லே. ரெண்டைக் கண்டால்தான் மதகை விட்டு எழும்புறாங்கள்.”

“அப்ப நேற்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். துஷாந்தனும் கூட்டாளிமாரும் மதகில இருந்து எங்களுக்குச் செய்யிற சேட்டையை. எங்களுக்காகத்தான் வாறியள் எண்டதை.”

நல்லையா சாரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

“சொல்லலாம் பிள்ளை. சொன்னால் சனம் முதல்ல ஆரை மறிக்கும்? மதகில இருக்கிறவங்களையோ, வகுப்புக்குப் போற உங்களையோ?”



அவர் ரைகரின் கயிற்றை ரஜிதாவிடம் நீட்டினார். “இந்தா. ஒரு ஆளுக்கு ஒரு நாய். தீர்மானம்தானே.”

அவள் வாங்கினாள். ஆனால் கையை நன்றாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். “மாமா, இது கடிக்குமோ?”

தூரத்தில் மதகில் மூன்று நாலு தலைகள் தெரிந்தன. நல்லையா குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டுக்கும் வாயில ஒரு பல்லுமில்லை. பாண் துண்டைக்கூடத் தேத்தண்ணியில ஊறவைச்சுத்தான் குடுக்கிறனான். ஆருக்கும் சொல்லிப்போடாதை.”