குதிரைக்காரியைப் பெண் பார்க்க வந்தவர்கள்

மாப்பிள்ளையின் உம்மா வாசலில் வந்து இறங்கியபோது, பெண் ரிப்கா பின்வளவில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

உடுக்கச் சொல்லி எடுத்து வைத்த சேலை கட்டிலில் அப்படியே கிடந்தது. ரிப்காவின் உம்மா குசினிக் கதவால் எட்டி மூன்றுதரம் கூப்பிட்டுவிட்டா. மூன்றுதரமும் ரிப்கா ஏலாது என்றே சொன்னாள்.

குதிரை சீனிக்கு விடிந்ததிலிருந்து வயிற்றுக்குத்து. படுக்க விட்டால் புரண்டு குடல் முறுகிவிடும், தான் வந்து சேரும்வரை நடத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்று மிருக வைத்தியர் போனில் சொல்லியிருந்தார்.

சீனியும் பட்டும் ரிப்காவின் சொந்தக் குதிரைகள். உப்புவெளியில் ஹோட்டல் நடத்திய ஒருவர் அதை மூடிவிட்டு வெளிநாடு போகும்போது, அங்கே தோட்டம் பார்த்த பக்கீரிடம் இரண்டையும் விட்டுவிட்டுப் போனார். பக்கீர் விற்கத்தான் நினைத்தார். மகள் ரிப்கா விடவில்லை.

இப்போது அவள் கம்பஸில் இரண்டாம் வருடம். நாலு மணிக்கு எழும்பி, புல்லுப் போட்டு, தண்ணி வைத்து, கொட்டில் கழுவி, ஏழரை பஸ்ஸில் படிக்கப் போவாள். சனி ஞாயிறுகளில் சுற்றுலா வந்த பிள்ளைகளைக் கடற்கரையில் ஏற்றி இறக்குவாள். குதிரைகளின் தீனி அதிலேயே நடக்கும். இதுவரை ஒரு பாடத்தில்கூட அவள் தவறியதில்லை.

ஊர்க் கதைதான் பக்கீரைத் தின்றது. குதிரை மேய்க்கிற பெண்ணை யார் கேட்டு வருவார்கள் என்று சொந்தக்காரர் கேட்கக் கேட்க, அவருக்குச் சோறு இறங்கவில்லை. தோப்பூரிலிருந்து நஸ்ரியின் சம்பந்தம் வந்ததும் மகளைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. மூன்று மாதத்தில் நிக்காஹ், பிறகு பயணம். படிப்பை நிறுத்துவது, குதிரைகளை விற்பது எல்லாம் பேசி முடிந்தது. குதிரைகளை வாங்க ஆளும் பார்த்தாயிற்று.

மாப்பிள்ளையின் உம்மா றுக்கியா பெண்ணைப் பார்த்து ஓமென்று சொல்வது ஒன்றுதான் பாக்கி.

றுக்கியா கதிரையில் கொஞ்சநேரம் இருந்து பார்த்தா. பெண்ணைக் காணவில்லை. எழும்பி, குசினியைத் தாண்டிப் பின்வளவுக்கே வந்துவிட்டா.

ரிப்கா ஸலாம் சொன்னாள். நிற்கவில்லை.

"குறை நினைக்காதீங்க மாமி. இவளை நிற்பாட்ட ஏலாது. கதைக்கிறதெண்டா கூட நடந்து வாங்க."

றுக்கியா நடந்தா. தென்னைகளைச் சுற்றிச் சுற்றி முக்கால் மணித்தியாலம். எத்தனை மணிக்கு எழும்புவது, எப்போது படிப்பது, குதிரை உதைக்காதா என்றெல்லாம் கேட்டா. ரிப்கா எதையும் மறைக்கவில்லை. கடைசியில், இந்தக் கலியாணத்துக்கு விருப்பமா என்றும் கேட்டா.

"இல்லை மாமி. நான் படிச்சு முடிக்க வேணும். ஆனா வாப்பா வாக்குக் குடுத்திட்டார். நீங்க ஓமெண்டா அவர் பின்வாங்க மாட்டார்."

றுக்கியா இன்னுமொரு சுற்றுக் கூட நடந்தா.

வைத்தியர் வருவதற்கு முன்னமே சீனி வாலைத் தூக்கிச் சாணி போட்டாள். வயிறு இளகிவிட்டது. ரிப்கா அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணியும் வந்தது. றுக்கியாவும் கையை நீட்டி அந்தக் கழுத்தை ஒருதரம் தடவிப் பார்த்தா.

பிறகு உள்ளே போய், எல்லோரும் கேட்க உரத்துச் சொன்னா.

"சாணி மணக்கிற புள்ளை எங்கட வீட்டுக்குச் சரிவராது. இந்த லட்சணத்தில கம்பஸ் படிப்பு வேற."

வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. கூட வந்தவர்களை எழுப்பிக்கொண்டு போய்விட்டா.

ரிப்காவுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. சம்பந்தம் போனது ஆறுதல்தான். ஆனாலும் அவ்வளவு நேரம் கூட நடந்த மனுசி இப்படிச் சொல்வா என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

உம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தா. பக்கீருக்கு முகம் கறுத்துப்போனது. பிறகு போனை எடுத்து, குதிரை வாங்க வரவிருந்தவரை வர வேண்டாம் என்றார்.

"என்ட புள்ளையைப் பழிக்க அவ ஆரு?" என்றார் மனைவியிடம். "இவள் படிச்சு முடிக்கிறவரைக்கும் இந்த வாசலுக்கு ஒரு சம்பந்தமும் வரத் தேவையில்லை. குதிரையும் இங்கதான் நிற்கும்."

அடுத்த கிழமை அவரே ஏணி வைத்து ஏறி, கொட்டிலுக்குப் புதுத் தகரம் போட்டார்.

ஆறு மாதம் கழித்து, திருகோணமலை பஸ் நிலையத்தில் ரிப்கா றுக்கியாவைக் கண்டாள். ஒதுங்கிப் போகவில்லை. நேரே போய் ஸலாம் சொன்னாள்.

மகனுக்கு மூதூரில் பெண் எடுத்துவிட்டதாக றுக்கியா சொன்னா. பிறகு, அந்தக் குதிரை சுகமா என்று கேட்டா.

"சுகம் மாமி. ரெண்டும் என்னட்டத்தான் நிக்குது. நானும் மூண்டாம் வருசத்துக்கு வந்திட்டன்." ரிப்கா அவவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும். என்னைப் பிடிக்காட்டி மெதுவாச் சொல்லியிருக்கலாம். அவ்வளவு பேருக்கு முன்னால ஏன் அப்பிடிச் சொன்னீங்க? வாப்பா நல்லா நொந்துபோனார்."

"மெதுவாச் சொல்லியிருந்தா அவர் அடுத்த மாப்பிள்ளையைத் தேடியிருப்பார். ரோசம் வந்தாத்தான் உங்கட பக்கம் நிப்பார் எண்டு நினைச்சன்."

தோப்பூர் பஸ் வந்து நின்றது. றுக்கியா பையைத் தூக்கிக்கொண்டு மிதிபலகையில் கால் வைத்தா. பிறகு திரும்பிச் சொன்னா.

"உங்களைப் பிடிக்காமலா மகள்? பிடிச்சபடியாத்தான் வேணாமெண்டு சொன்னனான்."