கோப்பில் இருந்த படம்

வெல்பெயர் ஒஃபிஸில், செக்கைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த இடைவெளியால் தள்ளினேன்.

வெல்பெயர்க்காரி அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நானே வீட்டில் அச்சடித்துக் கொண்டு வந்ததுபோல.

"அக்கா, படத்தைப் பற்றி வாய் திறக்காதேங்கோ," பக்கத்தில் இருந்த அன்ரனெற் காதுக்குள் சொன்னாள். "கையெழுத்தைப் போட்டிட்டு எழும்புவம்."

அன்ரனெற் எங்கள் ரெக்ஸ்டேல் கட்டடத்தில் மேல்மாடி. ஊரில் கொன்வென்ரில் படித்தவள். பிளீஸ், யெஸ், தாங்க்யூ, என்னுடைய இங்கிலிஷ் அவ்வளவுதான். மற்றதெல்லாம் அவள். அவள் சொல்லாத எதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போகாது.

செக் ஒட்டாவாவில் இருக்கிற பெரிய அரசாங்கத்திடமிருந்து வந்தது. விதவைப் பென்சன், பழைய நிலுவை எல்லாம் சேர்த்து.

நானாக ஆசைப்பட்டுக் கேட்ட பென்சன் இல்லை. இவர் பக்ரறியில் வேலைசெய்த காலத்தில் சம்பளத்தில் பிடித்த காசு அங்கே கிடக்கிறது, அதற்கு எழுது, எழுதாவிட்டால் வெல்பெயரை நிற்பாட்டுவோம் என்று சொன்னவள் இந்த வெல்பெயர்க்காரிதான்.

மகளுக்கு மூச்சிழுப்பு வருத்தம். அவளை யாரிடம் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போவது? எழுதினேன். பென்சன் வரும்வரை பிழைப்புக்குத் தருகிற வெல்பெயர் காசை, வந்த உடனே திருப்பித் தருவேன் என்று இன்னொரு கையெழுத்தும் வாங்கினாள். போட்டேன்.

ஊரிலிருந்து விதானையார், அங்கே கிராமத்துக்கு அரசாங்க ஆள் அவர்தான், இவரைப் பற்றிக் கடிதம் அனுப்பினார். அன்ரனெற் அதை இங்கிலிஷில் எழுதினாள். அவர் எழுதியது நாலு வரி, இவள் எழுதியது ஒரு பக்கம். ஒட்டாவாவில் யாரோ அதை வாசித்துவிட்டுச் சரி என்றார்கள்.

ஆகக் கடைசியில் ஒட்டாவா நீட்டியதை ரொறன்ரோ வாங்கிக்கொள்கிறது. நடுவில் நான் தபால்காரி. என் கையில் தங்கியது விதவை என்ற பேர் மட்டும்.

பொய் சொல்லக் கூடாது, இனி மாதாமாதம் ஒட்டாவாவிலிருந்து ஏதோ கொஞ்சம் வரும். இந்தப் படி ஏறத் தேவையில்லை. சமையலறைக்குள் வந்து அலுமாரியைத் திறந்து பார்க்க ஒருத்தியும் வரமாட்டாள். அது எனக்குப் பெரிய விஷயம்தான்.

ஆனால் எங்கேயாவது ஏதாவது பிழைத்தால் பென்சனும் போகும், ஒட்டாவாவுக்கும் நான்தான் திருப்பிக் கட்டவேண்டும். செக்கோ இப்போது இவளுடைய மேசை லாச்சிக்குள். பூட்டியும்விட்டாள்.

என் நெற்றி குளிர்ந்தது. லிஃப்றுக்குள் வைத்துப் பொட்டை உரித்து பஸ் ட்ரான்ஸ்ஃபர் துண்டில் ஒட்டி, கோட் பொக்கற்றில் வைத்திருக்கிறேன். போனமுறை வந்தபோது இவள் என் நெற்றியைப் பார்த்து, இது கல்யாணம் செய்த பெண்கள் வைப்பதல்லவா என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். எங்கள் ஆட்களில் எவளோ ஒருத்தி வேலை மினக்கெட்டு இவளுக்குப் படிப்பித்திருக்கிறாள். அவளுடைய வாய் அழுகிப் போக!

வெல்பெயர்க்காரி கோப்பை விரித்தாள்.

மேல் மூலையில் இவர்.

சச்சிதானந்தன். பக்ரறி அடையாள அட்டைக்கு எடுத்த படங்களில் மிஞ்சிய ஒன்று. சேர்ட் கொலர் ஒரு பக்கம் மடிந்து கிடக்கிறது. நான்தான் அன்றைக்குக் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். முதல்நாளே இவள் கேட்டு வாங்கி ஸ்ரேப்பிள் பண்ணிவிட்டாள். நல்லகாலம், கம்பி தோளில் இறங்கியது, முகம் தப்பியது.

வீட்டில் வேறு படம் இல்லை. இங்கே கமெரா எப்போதும் இவர் கையில்தான். அல்பம் முழுக்க நானும் மகளும் நயாகராவும். ஊரில் விட்டுவந்த கல்யாணப் படங்கள் எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தை வீட்டோடு எரிந்தன. அடுத்த வருடம் தாய்க்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போனார். போனவர் போனவர்தான்.

கணக்கு முடிந்த கோப்புகளை எங்கேயோ ஒரு கிடங்குக்கு அனுப்பிவிடுவார்களாம். பிறகு யாருடைய காலில் போய் விழுவது?

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் முத்திரை குத்தினாள். கோப்பை மூடப் போனாள்.

என் கை என்னைக் கேட்கவில்லை. கண்ணாடியில் தட்டிவிட்டது. படத்தைக் காட்டி, "பிளீஸ்," என்றேன்.

அன்ரனெற் என் தொடையில் கிள்ளினாள். நன்றாக நொந்தது.

வெல்பெயர்க்காரி என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். அவளுடைய முகம் இளகியது. அப்படி ஒரு முகம் அவளிடம் இருக்கிறது என்று இத்தனை காலமும் எனக்குத் தெரியாது. கம்பியை நகத்தால் மெல்ல நெம்பி எடுத்தாள். கிழியாமல் எடுத்தாள், பாவம். எடுத்துக்கொண்டே ஏதோ கேட்டாள்.

"வீட்டில மாலை போட்டுக் கும்பிட வைக்கவோ எண்டு கேக்கிறா," என்றாள் அன்ரனெற்.

அதையும் அந்த நாசமறுப்பாள்தான் படிப்பித்திருக்கவேண்டும்.

"இல்லை," என்றேன். "றெட் குரோஸ்காரர் ஒரு படம் கேக்கினம். ஆமிக் காம்ப் வழிய ஆளைத் தேடிப் பாக்கிறதுக்கு."

அன்ரனெற் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவரைக் கையில் பிடித்தபடி வெல்பெயர்க்காரி காத்துக்கொண்டிருந்தாள்.

"யெஸ்," என்றாள் அன்ரனெற்.

அந்தச் சொல் எனக்கும் விளங்கும். தலையை ஆட்டிக்கொண்டு கையை நீட்டினேன்.