இலையைப் பிடித்திருந்த மிளகி

ஒரு மாமரத்தில் முசிறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மிளகி என்ற எறும்புக்கு ஓர் இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டுமே வேலை. கூடு அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஒருநாள் அவள் கண்ணயர்ந்துவிட, இலை விலகித் தையல் பிரிந்தது.

"இவளை விரட்டுங்க!" என்று மற்ற எறும்புகள் கத்தின.

புதுத் தலைவி கொவ்வை அவளிடம் வந்தாள். "என்னம்மா, வேலை பிடிக்கலையா?"

"எதுக்காக இதைப் பிடிச்சிட்டு நிக்கிறேன்னே தெரியல அக்கா."

கொவ்வை தானே அந்த இலையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ளே போய்ப் பார்த்துட்டு வா."

உள்ளே பச்சைக் குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. பிரிந்த இடத்தின் வழியே வெயில் அவற்றின்மேல் சுள்ளென்று விழுந்தது.

மிளகி வெளியே ஓடிவந்தாள். "அக்கா, இந்த இலை பத்தாது. அகலமா ஒண்ணு நான் தேடட்டுமா?"

"தேடு. அதைத் தைச்சு முடிக்கிறவரைக்கும் உன் பொறுப்பு."

மிளகி பெரிய இலையாகப் பார்த்து, தோழிகளோடு இழுத்துவந்து, கொவ்வை ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, தைக்கத் தொடங்கினாள். பாதித் தையலில் காற்று வீசியது. கிளையே ஆடியது.

"அக்கா, உங்க பக்கம் தளருது! இறுக்கிப் பிடிங்க!" என்று அதட்டினாள் மிளகி.

"சரிங்க மேஸ்திரி!" என்று சிரித்துக்கொண்டே இறுக்கிப் பிடித்தாள் தலைவி.