பலகையில் மிஞ்சியது

வருடாவருடம் வாங்கும் அதே அளவு சீஸ், அதே பழங்கள், விருந்தினருக்காக அவற்றை அடுக்கிவைக்கும் அதே மரப்பலகை. இந்தக் கிறிஸ்துமஸுக்கு மட்டும் பலகையில் அடங்காமல் ஒரு கைப்பிடியளவு மிஞ்சியது. ஜெசிந்தா மூன்று முறை பிரித்து அடுக்கினாள்: முதலில் சீஸ், அது சரியாமலிருக்கத் திராட்சைக் கொத்து, இடுக்குகளில் அத்திப்பழம். வருகிறவர்கள் பார்த்துப் பரிதாபப்படாதபடி எல்லாம் போன வருடம் போலவே இருக்க வேண்டும்.

"கூட வாங்கிட்டியா?" என்றாள் அக்கா ரோஸ்லின்.

"இல்லக்கா, போன வருஷத்து அதே சாமான் சீட்டுதான்."

"அடுக்க அடுக்க உன் வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு தின்னுக்கிட்டே இருப்பாரேடி." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மார்ச்சில் அவரை அடக்கம் செய்ததிலிருந்து ஜெசிந்தாவுக்கு எதுவும் ருசித்ததில்லை. மிஞ்சிய நான்கு சீஸ் துண்டுகளையும் ஏழு திராட்சைகளையும் நின்றபடியே தின்றாள். பலகை சரியாக இருந்தது.