போயிட்டு வாங்க

இன்றைக்கு இது எத்தனையாவது சாவோ என்று தமயந்தி நினைத்துக்கொண்டாள். பயிற்சிக்கூடத்துக் கண்ணாடிக்கு அப்பால், விபத்தில் இறந்த அவள் கணவன் கேப்டன் இளமாறனுடைய மூளையின் கணினி நகல், பயிற்சிக்கான பாவனை விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. வலது தொட்டியில் எரிபொருள் கசிந்து என்ஜின் நின்றது. இளமாறன் பதறிப்போய் இரண்டு தொட்டிகளையும் இணைக்கும் வால்வைத் திறந்தார். இடது தொட்டியில் இருந்ததும் அந்த ஓட்டை வழியே போய்விட, அடுத்த என்ஜினும் நின்றது. அன்று செய்த அதே தவறு. மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

"ஒரு நாளைக்கு நாப்பது தடவை, மேடம்," என்றார் பயிற்சி அதிகாரி ஜெயசீலன். "இப்ப கொஞ்ச நாளா கிளம்பவே தயங்குறார். 'தமா இன்னும் சொல்லலையே'ங்கிறார். தினம் வாசல்ல நீங்க சொல்வீங்களாமே, அத ஒரு தடவை பதிவு பண்ணிக் குடுங்க. நாப்பது தடவையும் நாங்க போட்டுக்கிறோம். இவர்கிட்ட படிச்ச ஒருத்தர்கூட அந்த வால்வைத் தொட்டதில்ல."

அடுத்த சுற்றுக்கு விளக்கு எரிந்தது. ஸ்பீக்கரில் இளமாறனின் குரல் கேட்டது.

"தமா, நேரமாச்சு. சொல்லேன்."

பழகிய அந்த இரண்டு சொற்களும் அவள் நாக்குவரை வந்துவிட்டன. தமயந்தி மைக்கை மெதுவாக ஜெயசீலன் பக்கம் தள்ளி வைத்தாள்.

"அவர் இன்னைக்கு எங்கயும் போகல, சார்."